கழிக்காத ஓரடி

இந்த பெஞ்ச் நாலே முக்காலடி இருக்கும். ஐம்பத்தேழு அங்குலம், மாடல் கணக்குப்படி அங்குலத்தை ஒன்று புள்ளி இரண்டு ஏழால் பெருக்கினால் எழுபத்திரண்டு மில்லிமீட்டர் சொச்சம், இருபதில் ஒரு பங்காக இதைச் செய்யச் சொன்னால் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பலகை வெட்டி நாலு குச்சி ஒட்டினால் முடிந்தது. அதில் உட்கார வைக்க ஒரு பொம்பளை, ஐந்தடி இரண்டு, எழுபத்தொன்பது மில்லி, பேர் தமயந்தி, வயது ஐம்பத்துநாலு, வயதுக்கு ஸ்கேல் கிடையாது. இருபத்தாறு வருஷமாக வீடு, மில், கல்யாண மண்டபம் என்று எதைக் காட்டினாலும் சுருக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன், கோயம்புத்தூர் பில்டர்கள் மத்தியில் மாடல் மேடம் என்றால் நான்தான், ஆனால் கோர்ட்டு வராந்தாவில் உட்காருவது இதுதான் முதல் தடவை. மணி பதினொன்று பத்து. பத்தரைக்கே வந்துவிட வேண்டும் என்று விரட்டினார்கள், வந்த பிறகு யாருக்கும் அவசரம் இல்லை. பெஞ்சில் மூன்றடியை மாடல் பிடித்துக்கொண்டது, மிச்சத்தில் நான். மாடலுக்கு அக்ரிலிக் மூடி, மூடிக்கு மேல் வீட்டு பெட்ஷீட், ரோஜாப்பூ போட்டது, காலையில் அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் முன்னால் ஒருவர் நின்று, "உள்ள என்னங்கம்மா, கேக்குங்களா?" என்று கேட்டார். நீச்சல் குளம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் யாரும் நிற்பதில்லை.

நீச்சல் குளம்தான். ஐம்பதடிக்கு இருபத்தைந்தடி, எழுநூற்று அறுபத்திரண்டுக்கு முந்நூற்று எண்பத்தொன்று, ஆழம் ஐந்தடி, தண்ணீருக்குப் பதில் எழுபத்தாறு மில்லி ரெசின், மூன்று தடவையாக ஊற்றினேன், ஒரு குமிழி கிடையாது. அப்பார்ட்மெண்ட்காரர்களின் குளம். அதில் போன நவம்பரில் தண்டபாணி என்று ஒருவர், பேங்கில் ரிட்டயரானவர், அறுபத்துமூன்று வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இறங்கியவர், காலை ஏழு மணிக்கு முழுகிப் போனார். நல்ல வெளிச்சம். சத்தமே இல்லையாம். முழுகுகிறவர்கள் கத்துவதில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன், வாய்க்கு அப்போது வேறு வேலை. குளத்துக்குக் காவலாக உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோச் ஜெரால்டு மேல்தான் வழக்கு, கவனக்குறைவால் மரணம் என்று. கோச் சொல்வது, நடுவில் நின்ற தூண் மறைத்துவிட்டது, அவர் முழுகினது எனக்குத் தெரியவில்லை என்று. அரசு வக்கீல் சபாபதி சொல்வது, தூண் மறைக்கவில்லை, இவன் பார்க்கவில்லை என்று. யார் சொல்வது சரி என்று பார்க்க இப்போது அந்தத் தூணும் இல்லை. பிப்ரவரியில் நிழற்கூரையைக் கழற்றி, தூணை இடித்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். போலீஸ் வரைந்த படத்தின் கீழே அளவுப்படி அல்ல என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். தூண் இருந்த காலத்தில் டேப் பிடித்து அளந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தூண் இப்போது என் பெட்ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது, பதினைந்து மில்லிச் சதுரம், உண்மையில் ஓரடி. நாற்காலியிலிருந்து தண்டபாணி கிடந்த இடத்துக்கு, ஆளைச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு சிவப்பு குண்டூசியைக் குத்தியிருக்கிறேன், அதுவரைக்கும் பார்வைக் கோடாக ஒரு வெள்ளை நூல் கட்டியிருக்கிறேன். நூல் தூணைத் தொடாமல் ஆறு மில்லி தள்ளிப் போகிறது. காலையில் சபாபதி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நூல் பேசுதுங்க மேடம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது.

எதிர் பெஞ்சில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவள் மடியில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறக்கிறாள், குடிக்காமல் மூடுகிறாள், திறக்கிறாள், மூடுகிறாள், எனக்குப் பல் கூசுகிறது. அவனுக்கு முப்பத்துநாலு முப்பத்தைந்து இருக்கும், ஐந்தடி பத்து, எண்பத்தொன்பது மில்லி, தோள் அகலம், முழுக்கைச் சட்டையை இன்று ஒரு நாளைக்காகத் தேய்த்துப் போட்டு வந்திருக்கிறான். இந்தத் தோளை நான் பார்த்திருக்கிறேன். எங்கே. மில்லிலா, பில்டர் ஆபீசிலா, சைட்டிலா. அந்த வலது கட்டைவிரல், நகம் பாதி கறுத்தது, அந்த விரலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், ஏதோ ஒரு கோட்டின் மேல் அழுந்தி இருந்த விரல். ஆமாம், குளத்தில். ஜனவரியில் நான் அளக்கப் போன அன்றைக்குக் குளம் பூட்டிக் கிடந்தது, வாட்ச்மேன் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், அசோசியேஷன் அனுப்புவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, ஐம்பதடி டேப்பை ஒருத்தி எப்படிப் பிடிப்பது என்று நான் திட்டிக்கொண்டு நின்றபோது உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இவன் வந்தான். லாக்கரில் இருந்த சாமானை எடுக்க வந்தேனுங்க என்றான். நான் யார் என்ன என்று கேட்கவில்லை, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க என்றேன், ஒன்றரை மணி நேரம் பிடித்தான், வெயிலில், முகம் சுளிக்காமல். நன்றி என்று சொன்னேனா, சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அது கோச்சா. அது ஜெரால்டா. எந்த மாடலை வைத்து அவனை உள்ளே தள்ளப் போகிறார்களோ அந்த மாடலுக்கு அவனே முனை பிடித்திருக்கிறான், நான் வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க, இழுத்துப் பிடிங்க என்று அதிகாரம் பண்ணியிருக்கிறேன். அப்புறம் அந்த டேப். அந்தப் பழைய டேப்பின் நுனி.

நுனி போன டேப். கொக்கி கழன்று, முதல் நாலைந்து அங்குலம் நைந்து, எண்ணெல்லாம் அழிந்துபோனது. அப்படி ஆகிவிட்டால் கொத்தனார், ஆசாரி, நாங்கள் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்வோம், நுனியில் பிடிக்காமல் ஓரடிக் கோட்டில் பிடித்துக்கொண்டு, வருகிற அளவில் ஓரடி கழித்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அப்படியே எடுத்தால் குழப்பம் இல்லை. நான் சின்ன அளவுகளை என் கைப்பை டேப்பில் எடுத்தேன், நீளமானதை மட்டும் இதில் எடுத்தேன், அதனால் இதில் எடுத்ததையெல்லாம் நோட்டில் வட்டம் போட்டுவைத்தேன். வட்டம் என்றால் ஓரடி கழி. கழித்து மில்லிமீட்டராக மாற்றியதும் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. இருபத்தாறு வருஷப் பழக்கம், தூக்கத்தில் கேட்டாலும் செய்வேன். சும்மா பார்ப்போம் என்றுதான் நோட்டை எடுத்தேன், பையில் ஸ்டீல் ஸ்கேலுக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நடுவில் இருந்தது, ஜனவரிப் பக்கம், பதினோரு வட்டம். கோடு, கோடு, கோடு, கோடு, கோடு, கோடு. ஏழாவது, மேற்குச் சுவர் முதல் தூண் வரை, பதினாலடி ஏழு. வட்டம் இருக்கிறது. கோடு இல்லை. பக்கத்தில் என் கையெழுத்தில் இருநூற்று இருபத்திரண்டு. பதினாலடி ஏழு என்றால் நூற்று எழுபத்தைந்து அங்குலம், நூற்று எழுபத்தைந்தை ஒன்று புள்ளி இரண்டு ஏழால் பெருக்கினால் இருநூற்று இருபத்திரண்டு. கழிக்காமல் பெருக்கியிருக்கிறேன். பதிமூன்றடி ஏழு, நூற்று அறுபத்துமூன்று, இருநூற்று ஏழு. இன்னொரு தடவை. இருநூற்று ஏழு. விரலை மடக்கிப் போட்டாலும் இருநூற்று ஏழு. தூண் பதினைந்து மில்லி தள்ளி நிற்கிறது, தூணின் பருமனும் என் தப்பும் ஒரே அளவு, நூலுக்கும் தூணுக்கும் இடைவெளி ஆறு, பதினைந்து மில்லி நகர்த்தினால் தூண் நேராக நூலின் மேல் ஏறி உட்காரும். அவன் சொன்னது நிஜம். மறைத்திருக்கிறது.

அன்றைக்கு ஏன் விட்டேன். நினைவு இருக்கிறது, அதுதான் கொடுமை. அன்று சாயங்காலம் வீட்டில் கணக்குப் போட்டு, ஆறு வட்டம் முடித்து ஏழாவதற்கு வந்தபோது போன் அடித்தது. அப்பார்ட்மெண்ட் செயலாளர் விஸ்வமூர்த்தி. மாடலுக்குச் செலவு அசோசியேஷனுடையது, அது போக அவரே பில்டர், வருஷத்துக்கு நாலு மாடல் வேலை எனக்குத் தருகிறவர், நிழற்கூரையைப் போட்டுத் தூணை அங்கே நிறுத்தியதும் அவருடைய யோசனைதான், மறைத்தது என்றால் பழி அவர் தலையிலும் விழும். "மேடம், அந்தத் தூணு மறைக்காத மாதிரி வந்துருமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார், மழை வருமுங்களா என்று கேட்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "வர்றது வருமுங்க, நான் வர வெக்கறதில்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன், வைத்த பிறகும் ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துத் திட்டினேன், யாரைப் பார்த்து என்ன கேட்கிறான், இருபத்தாறு வருஷத்தில் ஒரு மில்லி தப்பினதுண்டா என்று. திட்டிக்கொண்டே உட்கார்ந்து ஏழாவதைப் பெருக்கினேன். அதுதான் நடந்தது. கோபத்தில் விட்டுப்போனது. ஆனால் இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால் அது அவ்வளவு சுத்தமாக இல்லை. பதினோரு வட்டத்தில் எது விட்டுப்போயிருக்கலாம், குளத்தின் நீளம் விட்டிருக்கலாம், கிழக்குச் சுவர் விட்டிருக்கலாம், ஷவர் மேடை விட்டிருக்கலாம், அதெல்லாம் விடாமல் அவர் எந்தத் தூணைக் கேட்டாரோ அந்தத் தூண்தான் விட்டிருக்கிறது, அவர் எந்தப் பக்கம் கேட்டாரோ அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. என் வாய் மாட்டேன் என்றது. கை சரி என்று சொல்லிவிட்டதா. கை மறந்ததா, இல்லை கைக்குத் தெரிந்திருந்ததா. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நூலைக் கட்டி அது தூணைத் தொடாமல் போனபோது சரியாக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி வந்தது, எதற்கு வந்தது அந்த நிம்மதி, இன்னொரு தடவை அளந்து பார் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள், அந்தப் பக்கம் விலை போனாள் என்பார்கள், இல்லாவிட்டால் முதலில் இந்தப் பக்கம் விலை போனாள் என்பார்கள், கோர்ட்டிலேயே அளவு தப்பு என்று சொன்ன பொம்பளை, அவளிடமா மாடல் கொடுக்கிறீர்கள் என்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தூண் இல்லை, டைல்ஸ் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்து மாத்திரைப் பெட்டியில் திணித்தால் தீர்ந்தது. இவ்வளவு எளிதாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

அதோடு அவன் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தானா என்று யாருக்குத் தெரியும். போன் நோண்டிக்கொண்டிருந்திருக்கலாம். தூண் மறைத்தது நிஜம், இவன் போனில் இருந்ததும் நிஜம் என்றுகூட இருக்கலாம், என் ஓரடி ஒரு பொய்யனைக் காப்பாற்றலாம். நான் நீதிபதியா, என் வேலை அளப்பது, அளந்ததைச் சொல்வது. அளந்தது பதிமூன்றடி ஏழு. நீளம் இருபதில் ஒன்று, பரப்பு நானூற்றில் ஒன்று, எடை எட்டாயிரத்தில் ஒன்று, அறுபத்தெட்டுக் கிலோ மனிதர் எட்டரை கிராம். நேரத்தையும் இருபதால் வகுத்துப் பார்க்கிறேன், வகுக்கக் கூடாது, வகுக்கிறேன். தண்டபாணி நாலு நிமிஷம் தண்ணீருக்கு அடியில் இருந்தாராம், இருநூற்று நாற்பது நொடி, வகுத்தால் பன்னிரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, எதிரில் பாட்டில் மூடி திறக்கிறது, ஐந்து, ஆறு, ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டில் இருந்து வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிடுகிறார், ஒன்பது, காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம், பதினொன்று. பன்னிரண்டுக்கே நெஞ்சு இடிக்கிறது. இதைப் போல இன்னும் பத்தொன்பது தடவை. சுருக்கினால் எல்லாம் அழகாக இருக்கிறது, அதுதான் என் தொழில், அழகாக இருப்பதால்தான் வாங்குகிறார்கள்.

அவன் எழுந்து வருகிறான். நோட்டை மூடுகிறேன். ஏன் மூடுகிறேன். "மேடம், நெனப்பு இருக்குதுங்களா? அன்னைக்குக் குளத்துல டேப் புடிச்சனே" என்றான். இருக்கு என்றேன். "அப்பவே சொல்லியிருக்கோணும், நாந்தான் அந்தக் கோச்சுன்னு. நீங்க வேலை பாக்கற வேகத்தப் பாத்து வாய் வரலீங்க." பின்னாலேயே அவன் பெண்டாட்டி வந்து பாட்டிலை நீட்டினாள். "ஏனுங்க, முகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது, கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா." வாங்கிக் குடித்தேன். அவளுடைய தண்ணீரைக் குடித்தேன். அவன் பெட்ஷீட்டைப் பார்த்தான், தூக்கிக் காட்டச் சொல்வானோ என்று அதன் ஓரத்தை இழுத்துவிட்டேன், அவன் கேட்கவில்லை. "போன் எல்லாம் பாக்கலீங்க மேடம்" என்றான், நான் கேட்காமலே, எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். "சேர்ல இருந்து பாத்தா தூணுதான் தெரியும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எறங்கிச் சுத்தி நடக்கோணும்ங்கறது ரூல். அன்னைக்கு நான் நடக்கல. முட்டி வலி. அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும், வாங்கிக்கறன். ஆனா கண்ணு முன்னாடி பாத்துட்டு உக்காந்திருந்தான்னு சொல்றாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியலீங்க." பெண்டாட்டி அவன் கையைப் பிடித்து இழுத்தாள், பேசாதே, இது அவங்க பக்கத்துச் சாட்சி என்கிற மாதிரி. அவன் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினான். "டேப் புதுசு வாங்கீட்டீங்களா மேடம்? அந்த நுனி போனத வெச்சுட்டு ரொம்பச் சிரமப்பட்டீங்க." குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே என் டேப்பைப் பற்றிக் கேட்கிறான். வாங்கீட்டேன் என்றேன். போய் உட்கார்ந்துகொண்டான். வெட்கமாக இருந்தது, இத்தனை வயதில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

தமயந்தி, தமயந்தி, தமயந்தி என்று டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் மாடலைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தார்கள், சபாபதி பெட்ஷீட்டை எடுத்து மடித்தார், ரோஜாப்பூவைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். கூண்டு மூன்றரையடி உயரம், ஐம்பத்துமூன்று மில்லி, கட்டையில் யார் யாரோ கை வைத்துத் தேய்ந்த இடத்தில் என் கையையும் வைத்தேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலைக் குனிந்து பார்த்தார். பின்வரிசையில் விஸ்வமூர்த்தி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சபாபதி கேட்டார், "இது நீங்களே நேர்ல அளந்து, சரியான அளவுப்படி செஞ்ச மாடல்தானுங்களா?" ஆமாங்க என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது, இருபத்தாறு வருஷமாக இந்தக் கேள்விக்கு அது ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன். "ஒரு அளவு தப்புங்க" என்றேன். எந்த அளவு என்றார் நீதிபதி அம்மா. இறங்கி வரலாமா என்று கேட்டு, இறங்கி, மூடியைத் தூக்கி, கட்டைவிரலைத் தூணின் அடியில் வைத்து நெம்பினேன். நான் ஒட்டினது, லேசில் வராது, டைல்ஸ் காகிதத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துச் சுவரிலிருந்து இருநூற்று ஏழில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, தூணை அங்கே நிறுத்தினேன். நூல் அதில் இடித்து வளைந்தது. சபாபதி, "மேடம், என்ன பண்றீங்க" என்றார், மெதுவாக, நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை அடக்குகிற வீட்டுக்காரர் மாதிரி. டேப்பின் நுனி போனதையும், ஓரடியில் பிடித்ததையும், வட்டத்தையும் கோட்டையும் சொல்லி, நோட்டைத் திறந்து நீட்டினேன். அளந்த நாளில் யாராவது உங்களிடம் பேசினார்களா என்று நீதிபதி அம்மா கேட்டார். பேசினாருங்க, செயலாளர், தூண் மறைக்காம வருமான்னு கேட்டாருங்க என்றேன், பின்வரிசையைப் பார்க்கவில்லை. அவர் சொன்னதாலதான் மாத்தினீங்களா. "இல்லீங்கம்மா" என்றேன், அதோடு நிறுத்தியிருக்கலாம், "இல்லைன்னுதான் நெனைக்கறனுங்க" என்றும் சொன்னேன்.

டேப்பின் மறு முனையை யார் பிடித்தது என்று கேட்டார். கையைக் காட்டினேன். ஜெரால்டு எழுந்து நின்றிருந்தான், யாரும் எழச் சொல்லவில்லை. "நெசமாலுமே ஓரடிக் கோட்டுலதான் புடிச்சீங்களா?" என்று நீதிபதி அம்மா கேட்டார். "ஆமாங்கம்மா. கழிக்கோணுமேன்னு கேட்டனுங்க. நான் கழிச்சுக்கறேன்னு மேடம் சொன்னாங்க" என்றான். அவன் அப்படிக் கேட்டதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவன் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கை தானாகப் பேனாவைத் தேடியது, ஏழாவது வட்டத்தின் குறுக்கே கோட்டைப் போட்டுவிட வேண்டும், கழித்தாகிவிட்டது, அது பழக்கம். பேனா காகிதத்தைத் தொடும் முன்பே கிளார்க் நோட்டை இழுத்துக்கொண்டார். "இனி இதுல நீங்க எதுவும் எழுதக் கூடாதும்மா" என்று சொல்லி, பக்கத்தின் மூலையில் சீல் வைத்து, நம்பர் போட்டு, சிவப்பு நாடாவில் கட்டினார். வட்டம் கோடில்லாமல் அப்படியே உள்ளே போனது. நான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.